பெட்டகத்துல கெடந்த கைப்பிடி மெஷின் – இது என்னன்னு யாருக்காவது தெரியுமா?

வளவுக்காரன் | சனி காலை 11:20
எல்லாருக்கும் வணக்கம். முன்னோருக்குப் படைக்கிற படைப்புக்காக ஊருக்கு வந்திருக்கோம், கானாடுகாத்தான் பக்கம்னு வச்சுக்கங்க. ரெண்டாங்கட்டுல ஒரு பெட்டகம் எத்தனையோ வருஷமா தொறக்காமயே கெடந்துச்சு, சாவி எந்தப் பங்காளிகிட்ட இருக்குன்னே தெரியல, இந்தத் தடவ எல்லாரும் ஒண்ணா இருக்கப்பவே தொறந்துருவோம்னு பூட்டை அறுத்துட்டோம். உள்ள மங்குச் சாமான், எனாமல் தூக்கு, மூணு கட்டு பேரேடு, எல்லாத்துக்கும் அடியில பழைய வேட்டியில சுத்தி ஒரு கறுப்பு இரும்பு மெஷின். போட்டோ போட்டிருக்கேன். வலது பக்கம் கைப்பிடி, மேல உருளையில வரிசையா காடி வெட்டி ஒவ்வொண்ணுலயும் ஒரு சின்ன நெம்பு, பக்கத்துல 0லேர்ந்து 9 வரைக்கும் நம்பர். கீழ நகர்ற மாதிரி ஒரு பலகை, அதுல இடது பக்கம் ஒரு கொத்து ஜன்னல், வலது பக்கம் ஒரு கொத்து. ரெண்டு ஓரத்துலயும் பட்டாம்பூச்சி மாதிரி திருகு. தராசுல வச்சா ஆறு கிலோ. ஒரிஜினல்-ஒட்னர், ஸ்வீடன்னு தகடு அடிச்சிருக்கு. எம்பொண்ணு தையல் மெஷினாங்குறா, அயித்தான் இடியாப்பம் பிழியுறதுங்குறாரு. கைப்பிடி அசைய மாட்டேங்குது. என்ன இது?

சும்மா_வந்தேன் | 11:31
இடியாப்பம்னா எனக்கு ரெண்டு, தேங்காப்பாலோட. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு பழைய சாமான் கடையில கொண்டுபோயிக் காட்டுனா நல்ல வெலைக்குக் கேப்பாக, அவசரப்பட்டு வித்துராதீக.

பழைய_கேஷியர் | 11:52
தம்பி, முதல்ல அந்தக் கைப்பிடிய பலமா திருகாதீங்க, ரெண்டாவது எதையும் துடைக்காதீங்க. அது கணக்கு மெஷின். நான் பேங்க்ல சேந்தப்ப இதோட உறவுக்கார மெஷின் ஃபேசிட்னு ஒண்ணு ஓடிக்கிட்டு இருந்துச்சு, அதுவும் ஸ்வீடன் சரக்குதான், எங்க கையெல்லாம் அதுல காய்ப்பு ஏறிருக்கு.

இது எப்புடி வேலை செய்யும்னா, உள்ள ஒவ்வொரு இலக்கத்துக்கும் ஒரு சக்கரம். நெம்பை 7ல வச்சா அந்தச் சக்கரத்துலேர்ந்து ஏழு பல்லு வெளிய நீட்டும், 3ல வச்சா மூணு பல்லு. கைப்பிடிய ஒரு சுத்து சுத்தினா அத்தனை பல்லும் கீழ இருக்க எண்சக்கரத்தை அத்தனை எண்ணம் தள்ளி விட்டுரும். முன்பக்கம் சுத்தினா கூட்டல், பின்பக்கம் சுத்தினா கழித்தல். பெருக்கல்னா திரும்பத் திரும்பக் கூட்டல்தானே, ஆனா 26ஆல பெருக்க 26 சுத்து வேணாம், 6 சுத்து சுத்திட்டு பலகைய ஒரு இடம் தள்ளி 2 சுத்து, முடிஞ்சுது. வகுத்தல்தான் வேடிக்கை, கழிச்சுக்கிட்டே போகணும், அளவு மீறிட்டா உள்ள டிங்னு மணி அடிக்கும், ஒரு சுத்து திருப்பி விட்டுட்டு பலகைய அடுத்த இடத்துக்கு நகத்தணும். ஒட்னர்ங்குறவரு ஸ்வீடன்காரரு, 1870கள்ல ரஷ்யாவுல பீட்டர்ஸ்பர்க்ல உக்காந்து இந்தப் பல்லு நீட்டுற சக்கரத்தை அமைச்சாரு, புரட்சிக்கு அப்பறம் குடும்பம் ஸ்வீடனுக்கே திரும்பிப் போயி அங்க ஃபேக்டரி போட்டுச்சு. உங்க தகடு அதுதான்.

துடைக்க வேணாம்னு ஏன் சொன்னேன்னா, ஜன்னல்ல ஏதாவது நம்பர் நிக்குதான்னு பாருங்க. மூணு எடத்துலயும் பாத்துச் சொல்லுங்க, நெம்பு எங்கெங்க இருக்கு, இடது ஜன்னல், வலது ஜன்னல்.

வளவுக்காரன் | 12:40
அண்ணே டார்ச் அடிச்சுப் பாத்தேன், தூசி ஊதிட்டு. நெம்பு 8 2 6 7 3 5. இடது ஜன்னல் 1 1 2. வலது ஜன்னல் 9 2 5 9 4 3 2 0. முன்னாடி எல்லாம் சைபரு.

வெள்ளைப்பணியாரம் | 12:58
ஐயோ எனக்குப் புல்லரிக்குது. சிங்கப்பூர்லேர்ந்து போன்ல போட்டுப் பாத்தேன், 826735ஐ 112ஆல பெருக்கினா சரியா 92594320. அதாவது கடைசியா யாரு கைப்பிடிய சுத்தினாகளோ அவுக போட்ட கணக்கு அப்படியே நிக்குது! வளவுக்காரன் தம்பி, இது வட்டிக் கணக்குப்பா. 8267.35, நூத்துக்குப் பன்னெண்டு வட்டி, ஒரு வருஷம், அசலும் வட்டியும் சேத்து 9259.43. அழிச்சுராதீங்க தயவு செஞ்சு.

சும்மா_வந்தேன் | 13:05
எங்க வீட்டு கால்குலேட்டர் ரெண்டு நிமிஷத்துல தானா அணைஞ்சுருது

ஆத்தங்குடிக்கல் | 13:30
கணக்கு மெஷின் சரி. ஆனா இதையெல்லாம் "கம்ப்யூட்டரோட தாத்தா"ன்னு வாட்ஸ்அப்ல போடுவாங்க பாருங்க, அதை நான் ஒத்துக்க மாட்டேன். கால்குலேட்டர் வேற கம்ப்யூட்டர் வேற. இதுக்கு ஒவ்வொரு சுத்துக்கும் ஆளு வேணும், அடுத்து என்ன செய்யணும்னு அதுக்குத் தெரியாது. மணிச்சட்டம், ஸ்லைடு ரூல், பாஸ்கல் பொட்டி எல்லாம் ஒரே ஜாதி. சொன்ன வேலைய வரிசையா தானா செய்யுறதும், நடுவுல கெடச்ச விடையப் பாத்து வழிய மாத்திக்கிறதும் இருந்தாத்தான் கம்ப்யூட்டர்.

பழைய_கேஷியர் | 14:10
இருக்கலாம் தம்பி. ஆனா ஒண்ணு யோசிங்க, எதுக்காக இந்த மெஷினுகளை எல்லாம் செஞ்சாக? பிரெஞ்சுக்காரரு பாஸ்கல் 1642ல கூட்டல் பொட்டி செஞ்சப்ப அவருக்கு 19 வயசு, அவுக அப்பாரு ரூவாங்குற ஊர்ல வரி வசூல் பாத்தாரு, ராத்திரி பூரா கூட்டிக் கூட்டி அலுத்துப் போனதைப் பாத்துத்தான் பையன் செஞ்சது. கணக்கப்பிள்ளை வேலைதான் எல்லாத்துக்கும் ஆரம்பம்.

அதுல கஷ்டம் கூட்டல் இல்ல, "கைல ஒண்ணு". 9க்கு அப்பறம் சைபர் ஆகி அடுத்த இடத்துக்கு ஒண்ணு போகணும். 999999ல ஒண்ணு கூட்டினா ஆறு சக்கரமும் ஒரே நேரத்துல திரும்பணும், ஒரு விரல் பலத்துல எப்புடித் திரும்பும்? பாஸ்கல் என்ன பண்ணாருன்னா ஒவ்வொரு சக்கரத்துக்கும் எடை வச்ச ஒரு கை, சக்கரம் 9ஐ நோக்கிப் போகப் போக அது மேல ஏறிக்கிட்டே இருக்கும், 9லேர்ந்து 0க்குப் போறப்ப பொத்துனு விழுந்து அடுத்த சக்கரத்தை ஒரு தள்ளு தள்ளும். பலம் விரல்லேர்ந்து வரல, முன்னாடியே சேத்து வச்ச எடையிலேர்ந்து வருது. அதனாலயே அதைப் பின்னால சுத்த முடியாது, கழித்தலுக்கு வேற குறுக்கு வழி. இன்னொண்ணு, பிரெஞ்சுக் காசு அப்ப 12க்கு ஒண்ணு, 20க்கு ஒண்ணுன்னு இருந்துச்சு, அதுக்குத் தக்க சக்கரம் வச்ச மெஷினும் செஞ்சிருக்காரு.

வெள்ளைப்பணியாரம் | 14:35
அண்ணே நில்லுங்க, காசுன்னதும்தான் தோணுது. நம்மகிட்ட ரூபா அணா பைதானே? 16 அணா, அணாவுக்கு 12 பை. ஒட்னர் சுத்தப் பத்து. எட்டேகால் அணாவை அதுல எந்த நெம்புல வைக்கிறது? தம்பி உங்க ஐயா எங்க கடை வச்சிருந்தாக?

வளவுக்காரன் | 15:02
பர்மா, ஆச்சி. ரங்கூன்ல கடை, 42ல குண்டு போட்டப்ப நடந்தே வந்தாகன்னு வீட்டுல சொல்வாக.

வெள்ளைப்பணியாரம் | 15:20
நடந்து வந்தவுக ஆறு கிலோ இரும்பத் தூக்கிட்டா வந்தாக? கட்டுன துணியோட வந்தவுகதானே பாதிப் பேரு. அதோட பர்மாவுல அப்ப ரூபா அணாதான். 8267.35ங்குற தொகையில இருக்க .35ஐப் பாருங்க. ஒரு ரூபாய்க்கு 192 பை, அதுல நூத்துல முப்பத்தஞ்சுன்னா 67.2 பை. அப்படி ஒரு காசே கெடையாது! இது டாலர் சென்ட் கணக்கு. மலாயாவுல நூறு சென்ட் ஒரு வெள்ளி, சிலோன்லயும் ரூபாய்க்கு நூறு சென்ட். மெஷின் பர்மா இல்ல, பினாங்கோ கொழும்போ.

பழைய_கேஷியர் | 15:41
நல்ல மூளை ஆச்சி உங்களுக்கு. ஆனா ஒரு ஓட்டை இருக்கு. 1957 ஏப்ரல் 1லேர்ந்து இங்கயே நயா பைசா வந்துருச்சு, நூறு பைசா ஒரு ரூபா. ஐயா ஊருக்கு வந்து 58ல உக்காந்து போட்ட கணக்கா ஏன் இருக்கக் கூடாது?

வெள்ளைப்பணியாரம் | 15:44
ம்ம். அதை நான் யோசிக்கல.

தறிச்சத்தம் | 16:15
ஆத்தங்குடிக்கல் அண்ணன் சொன்ன "வரிசையா தானா செய்யுறது" எங்க தொழில்லேர்ந்து போனதுங்க. காரைக்குடி கண்டாங்கிச் சேலைக்குக் கட்டமும் கோடும்தான் அழகு, ஆனா எங்க சித்தப்பா காஞ்சிபுரத்துல ஜக்கார்டு பெட்டி போட்டு நெஞ்சாரு, லீவுக்குப் போனா எனக்கு அட்டை கோக்குற வேலை. ஒவ்வொரு ஊடைக்கும், அதான் குறுக்கு இழைக்கும், ஒரு அட்டை. ஓட்டை இருக்க எடத்துல ஊசி உள்ள போயிரும், அந்தக் கொக்கி நெடுக்க ஓடுற பாவு இழையத் தூக்கும், ஓட்டை இல்லேன்னா ஊசி தள்ளப்பட்டு இழை கீழயே கெடக்கும். ஜக்கார்டுங்குறவரு பிரான்ஸ்ல 1804ல செஞ்சது. நெசவாளிக்குப் பூ தெரியணும்னு அவசியமே இல்ல, அட்டைக்குத் தெரிஞ்சா போதும்.

ஒரு தடவ நான் ஒரு அட்டையத் திருப்பிக் கோத்துட்டேன். மூணு முழம் நெஞ்சதுக்கு அப்பறம்தான் பாத்தாரு, வந்த மயிலுக்கெல்லாம் கழுத்துல ஒரு வெட்டு. அன்னைக்கு வாங்குன அடி இருக்கே... இப்ப எம்பையன் ஐடில இருக்கான், பக் பக்னு பொலம்புறான், நான் சிரிச்சுக்குவேன்.

ஆத்தங்குடிக்கல் | 16:50
இதுதான் மேட்டர்! இங்கிலாந்துல கணக்கு எந்திரம் வரைஞ்ச பாபேஜ் அந்த அட்டையத்தான் எடுத்துக்கிட்டாரு. ஜக்கார்டோட உருவத்தையே பட்டுல நெஞ்ச ஒரு படம் இருந்துச்சு, அதுக்கு மட்டும் 24,000 அட்டை, அதுல ஒண்ணை பாபேஜ் வீட்டுல மாட்டி வச்சு வந்தவங்ககிட்ட எல்லாம் காட்டுவாரு. முதல்ல 1822ல வித்தியாச எந்திரம்னு ஆரம்பிச்சாரு, அது அட்டவணை போடுறதுக்கு மட்டும். கப்பல்காரங்க வானவியல்காரங்க எல்லாம் அச்சடிச்ச வாய்ப்பாட்டை நம்பித்தான் இருந்தாங்க, அதுல தப்பு மலிஞ்சு கெடந்துச்சு. அரசாங்கம் 17,000 பவுண்டு வரைக்கும் கொட்டிட்டு 1842ல கையக் கழுவிருச்சு. அதுக்குள்ள இவரு பகுப்பு எந்திரம்னு அடுத்ததுக்குத் தாவிட்டாரு, அதுலதான் அட்டை, நினைவுக்கு ஒரு பகுதி, கணக்குப் போட ஒரு பகுதி, விடையப் பாத்து வழி மாறுற வித்தை எல்லாம். அவரோட சிநேகிதி அடா லவ்லேஸ் 1843ல அதைப் பத்தி எழுதுன குறிப்புல பெர்னூலி எண்கள்னு ஒரு எண் வரிசையக் கணக்கிட வரிசையா என்னென்ன செய்யணும்னு போட்டுக் காட்டுனாங்க, ஜக்கார்டு தறி பூவும் இலையும் நெய்யுற மாதிரி இது இயற்கணிதம் நெய்யும்னும் சொன்னாங்க. மெஷினு? கடைசி வரைக்கும் கட்டலை.

பழைய கேஷியர் சார் சொன்ன "கைல ஒண்ணு" இருக்கே, பாபேஜும் அதுலதான் வருஷக்கணக்கா மண்டைய ஒடச்சாரு, எல்லா இடத்துலயும் அந்த ஒண்ணு ஒரே நேரத்துல போற மாதிரி ஒரு அமைப்பு வரைஞ்சாரு. அது போகட்டும், அவரோட ரெண்டாவது வித்தியாச எந்திரத்தை லண்டன் சயின்ஸ் மியூசியம் 1991ல அந்த வரைபடத்தை வச்சே கட்டுனாங்க, ஓடுச்சு! பாக்கத்தான் பாபேஜ் இல்ல.

சும்மா_வந்தேன் | 17:02
கவர்மெண்ட் காண்ட்ராக்ட் பாதியில நிக்கிறது அப்பவே இருந்திருக்கு, நம்ம ஊரு பைபாஸை மட்டும் கொறை சொல்லக் கூடாது

பழைய_கேஷியர் | 17:30
பாபேஜ் கட்டலை, அட்டைய வச்சுக் கட்டுனவரு ஹாலரித். அமெரிக்காவுல 1880 ஜனத்தொகைக் கணக்கு எடுத்ததைக் கூட்டி முடிக்கவே ஏழெட்டு வருஷம் ஆயிருச்சு, அடுத்த கணக்கெடுப்பு வந்து நிக்குது. 1890ல ஹாலரித் ஆளுக்கு ஒரு அட்டை, வயசு ஆண் பெண் தொழில்னு ஓட்டை போட்டாரு. அட்டைய வச்சு மேலேர்ந்து ஊசிப் படுக்கைய அமுக்கினா ஓட்டை இருக்க எடத்துல ஊசி கீழ போயி பாதரசக் கிண்ணத்தைத் தொடும், கரண்டு ஓடும், டயல்ல ஒரு எண்ணம் ஏறும். ஆறு கோடியே இருவத்தாறு லட்சம் பேரு. அந்தக் கம்பெனிதான் நாலு கம்பெனி சேந்து 1924ல ஐபிஎம்னு பேர் மாறுச்சு. வரிக் கணக்கு, வாய்ப்பாடு, ஜனத்தொகை... நான் சொன்னது சரிதானே? கணக்கப்பிள்ளை.

வெள்ளைப்பணியாரம் | 18:05
அண்ணே, கம்ப்யூட்டர்ங்குறதே முதல்ல ஆளுதான். கணக்குப் போடுற வேலைக்கு இருந்த பேரு அது. ரெண்டாம் உலகப் போர்ல அமெரிக்காவுல பீரங்கிக் குண்டு எங்க விழும்னு அட்டவணை போட எத்தனையோ பொண்ணுக மேசைமேல உங்க ஒட்னர் மாதிரி மெஷினை வச்சுக்கிட்டு உக்காந்திருந்தாக, அவுக பதவிப் பேரே கம்ப்யூட்டர். ஒரு குண்டோட பாதைய கையால போட நாள்கணக்குல ஆகும். அந்த வேலைக்காகக் கட்டுனதுதான் எனியாக், பென்சில்வேனியாவுல, 1946 பிப்ரவரியில வெளிய காட்டுனாக. சுமார் 18,000 வால்வு, 30 டன், 150 கிலோவாட். அதே பாதைய அரை நிமிஷத்துல போட்டுச்சு, குண்டு போயி விழுறதுக்கு முன்னாடி விடை. அதுக்கு ஒயர் மாத்திக் கணக்குச் சொல்லிக் குடுத்த ஆறு பேரும் அந்த மேசைக் கணக்குப் பொண்ணுகள்லேர்ந்து எடுத்தவுகதான். விழா விருந்துக்கு அவுகளை யாரும் கூப்புடல, அது தனிக் கதை, எனக்கு இன்னும் கோவம் வரும்.

ஆத்தங்குடிக்கல் | 18:22
எனியாக் முதல் இல்லைங்க. சூசே, ஜெர்மனி, 1941, இசட்3. ரிலேங்குற கரண்டு சுவிட்சு வச்சு, ஓட்டை போட்ட ஃபிலிம்லேர்ந்து வரிசையா ஓடுற மெஷின். அவரோட முதல் மெஷினை 1938ல பெர்லின்ல அப்பா அம்மா இருந்த வீட்டுக் கூடத்துல வச்சே கட்டுனாரு.

சும்மா_வந்தேன் | 18:25
எங்க ஆத்தா முகப்புல செருப்பு வச்சாலே கத்தும்

வெள்ளைப்பணியாரம் | 18:40
அப்ப கொலோசஸ்? இங்கிலாந்துல 1944லேயே ஓடிக்கிட்டு இருந்துச்சு, ஜெர்மன் ரகசியச் செய்திய உடைக்க. 70கள் வரைக்கும் வெளிய சொல்லவே இல்ல. அமெரிக்காவுலயே அட்டனாசாஃப்னு ஒருத்தரு வேற இருக்காரு, எனியாக் பேட்டன்டை 1973ல கோர்ட்டே தள்ளுபடி பண்ணி எலக்ட்ரானிக் கம்ப்யூட்டர் யோசனை அவர்கிட்டேர்ந்து வந்ததுன்னு தீர்ப்பு சொல்லிருச்சு. "முதல்"னு ஒண்ணைப் பிடிக்கப் போனா நம்ம ஊருல எது முதல்ல வந்த பிள்ளையார்னு கேக்குற மாதிரிதான்.

பேசாம நான் ஒண்ணு கேக்கறேன், நம்மாளுகளுக்கு மெஷினே இல்லாம எப்புடி ஓடுச்சு? எங்க ஐயா பட்டாலையில உக்காந்து முந்திரி அரைக்காணி காணி அரைமா முக்காணின்னு ராகமா சொல்வாக. முந்திரி 320ல ஒண்ணு. காணி 80ல ஒண்ணு, மா 20ல ஒண்ணு, ரெண்டையும் கூட்டினா 16ல ஒண்ணு, அதுக்குப் பேரே மாகாணி! பேருக்குள்ளயே கூட்டல். முந்திரிக்குக் கீழ கீழ்முந்திரி, முந்திரியில 320ல ஒண்ணு, அதாவது ஒரு லட்சத்து ரெண்டாயிரத்து நானூறுல ஒண்ணு. பெட்டியடி பையனா, அதான் வேலை பழகுற எடுபிடியா, பத்து வயசுல வெளிநாட்டு வட்டிக்கடைக் கிட்டங்கிக்குப் போனவுக இதை மனப்பாடமா வச்சுக்கிட்டு நடப்பு வட்டி போட்டாக.

பழைய_கேஷியர் | 19:30
பேங்க்லயும் ரொம்ப நாள் அதே மனக்கணக்குத்தான் ஆச்சி, மெஷின் துணைக்குத்தான். ஜூன், டிசம்பர் வந்தா சேவிங்ஸ் வட்டி போடணும், ஒவ்வொரு அக்கவுண்டுக்கும் ஒவ்வொரு மாசமும் 10ஆம் தேதிக்கும் கடைசித் தேதிக்கும் நடுவுல இருந்த குறைஞ்ச பேலன்ஸை எடுத்து ஆறு மாசத்துக்குக் கூட்டணும், லெட்ஜர் லெட்ஜரா. பிராஞ்சு பூரா ராத்திரி உக்காந்திருக்கும், டீ பன்னு மேனேஜர் செலவு, ஃபேசிட் கடகடகடன்னு நாலு மேசையில ஓடும் நடுநடுவுல டிங். கடைசியில டேலி ஆகாது. தொண்ணூறு பைசா இடிக்கும். எங்க பெரிய கிளார்க்கு ஒருத்தரு வித்தியாசத்தைக் கேட்டதும் "ஒம்பதால வகுபடுதா? அப்ப எவனோ இலக்கத்தை இடம் மாத்திப் போட்டுருக்கான், 34ஐ 43ன்னு எழுதியிருப்பான், தேடுங்கடா"ம்பாரு. பத்துக்கு எட்டு அதுதான்.

83ல யூனியன் ஒப்பந்தம் ஆனதுக்கு அப்பறம் மெல்ல மெல்ல மெஷின் வந்துச்சு, அதுக்குப் பேரு அட்வான்ஸ்டு லெட்ஜர் போஸ்டிங் மெஷின். அது கம்ப்யூட்டர்தான், ஆனா அந்த வார்த்தையச் சொன்னா வேலை போயிரும்னு சண்டை வரும்னுதான் இந்தப் பேருன்னு எங்க பிராஞ்சுல பேசிக்குவோம். நானே கோஷம் போட்டவன், பொய் சொல்லக் கூடாது. முதல் ஜூன்ல அது ஒரு சாயங்காலத்துல வட்டி போட்டு முடிச்சுச்சு, நாங்க நம்பாம பத்து அக்கவுண்டை ஃபேசிட்ல போட்டுப் பாத்தோம். பத்தும் சரி. அன்னைக்கு ராத்திரி வீட்டுல போயிச் சாப்புட்டேன்.

தேவகோட்டை_ரஸ்தா | 20:15
லேட்டா வந்துட்டேன், இன்னும் பெரிய கம்ப்யூட்டர்லயே நிக்கிறீங்களே. இந்தியாவுக்கு வந்தது 1955, கல்கத்தா புள்ளியியல் நிறுவனத்துக்கு, மகலனோபிஸ் காலத்துல. பம்பாய்ல டிஃப்ராக்னு நாமளே 1960ல கட்டிட்டோம். மெட்ராஸ் ஐஐடிக்கு 1973ல ஐபிஎம் 370. எங்க மாமா அங்க படிச்சாரு, புரோகிராம்னா ஒரு வரிக்கு ஒரு அட்டை, அட்டைக்கு 80 எழுத்து, பொட்டிக்கு ரெண்டாயிரம் அட்டை. கவுண்டர்ல குடுத்துட்டு வந்துறணும், மறுநாள் பேப்பர்ல விடை வரும், கமா விட்டுப்போச்சுன்னு. ஒரு நாள் மாடிப்படியில பொட்டி கொட்டிருச்சு. ஆனா விவரமானவங்க அட்டைய அடுக்கி மேல்பக்கத்துல ஸ்கெட்ச்ல மூலைக்கு மூலை சாய்வா ஒரு கோடு போட்டு வச்சிருப்பாங்க, கலைஞ்சா கோடு சேர்ற மாதிரி அடுக்கினா போதும். மாமா போடலை.

இப்ப நம்ம மேசைக்கு எப்புடி வந்துச்சு? இதுவும் கணக்கு மெஷின்லேர்ந்துதான், கேஷியர் ஐயா குஷியாகிக்கங்க. பிசிகாம்னு ஒரு ஜப்பான் கால்குலேட்டர் கம்பெனி, இன்டெல்கிட்ட வந்து எங்க மெஷினுக்கு ஒரு டஜன் சிப்பு தனித்தனியா செஞ்சு தாங்கன்னு கேட்டுச்சு. இன்டெல்ல ஹாஃப்னு ஒருத்தரு, ஏன் அத்தனை? பொதுவா எந்த வேலையும் செய்யுற மாதிரி ஒரு சிப்பு, என்ன வேலைங்குறதை மெமரியில எழுதிக்கலாம்னாரு. ஃபேஜின், ஷிமா ரெண்டு பேரும் உக்காந்து வரைஞ்சாங்க, ஷிமா அந்த ஜப்பான் கம்பெனி ஆளு. 1971 நவம்பர், 4004, நகத்தளவு சிப்புல 2,300 டிரான்சிஸ்டர். உரிமை ஜப்பான்காரன்கிட்ட இருந்துச்சு, அவனுக்குக் காசு முடை, இன்டெல் 60,000 டாலரைக் குடுத்துத் திருப்பி வாங்கிருச்சு. அந்த 60,000 டாலரை நெனச்சா அந்தக் கம்பெனிக்காரன் தூங்கியிருப்பானா?

அப்பறம் கடகடன்னு. 75ல ஆல்டேர்னு ஒரு கிட், 397 டாலர், நாமளே ஈயம் வச்சுப் பத்தவைக்கணும், 256 பைட் மெமரி, கீபோர்டும் கெடையாது டிவியும் கெடையாது, முன்னாடி சுவிட்சு வரிசையத் தட்டித் தட்டி நம்பர் ஏத்தணும். 76ல ஆப்பிள், 77ல ஆப்பிள் 2, 81 ஆகஸ்ட்ல ஐபிஎம் பிசி.

ஆத்தங்குடிக்கல் | 20:31
சுவிட்சு வரிசையத் தட்டுறது... ஒட்னர் நெம்பு மாதிரியே இருக்கே 😀 சரி சரி, கொஞ்சம் ஒத்துக்கறேன், முழுசா இல்ல.

தேவகோட்டை_ரஸ்தா | 21:10
நான் 90ல காரைக்குடியில ஒரு மாடியில கம்ப்யூட்டர் சென்டர் வச்சேன். ஏற்கனவே டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட், பத்து மெஷின் கடகடன்னு அடிக்கும், பக்கத்து ரூம்ல ஏசி போட்டு ரெண்டு பிசி. ஹார்டு டிஸ்க் கெடையாது, அகலமான ஃப்ளாப்பி, 360 கேபி, மெஷினை ஓட வைக்கிற டாஸ் புரோகிராமை ஒரு ஃப்ளாப்பியிலேர்ந்து ஏத்திட்டு அதை எடுத்துட்டு அடுத்ததைச் சொருகணும். செருப்பை வெளிய கழட்டிட்டுத்தான் உள்ள, ஊருக்கே அது சாமி ரூம் மாதிரி.

புதுவயல்லேர்ந்து ஒரு அரிசி மில் முதலாளி, கூடவே வயசான கணக்கப்பிள்ளை, காதுல பென்சில் சொருகிக்கிட்டு. லோட்டஸ்னு கட்டம் கட்டமா கணக்குப் போடுற புரோகிராமைப் போட்டுக் காட்டுனேன். பன்னெண்டு கடன்காரப் பேரு, தொகை, வட்டி, மொத்தம். மேல ஒரு கட்டத்துல வட்டிய 18லேர்ந்து 15ஆ மாத்தி என்டரைத் தட்டுனேன், பன்னெண்டு வரியும் மொத்தமும் மாறுச்சு. முதலாளி "அட"ன்னாரு. கணக்கப்பிள்ளை ஒண்ணும் பேசல, வாயை மட்டும் அசைச்சுக்கிட்டு நின்னாரு, ஒரு நிமிஷம் கழிச்சு, "நாலாவது ஆளுக்குச் சரியா இருக்கு, அஞ்சாவது ஆளுக்கும் சரி" அப்படின்னாரு. மனசுல போட்டுப் பாத்திருக்காரு! அப்பறம் என்கிட்ட, இதுல தேதி மாத்தினா நாள் வட்டி மாறுமான்னு கேட்டாரு. அவரு கேட்டதைச் செய்யக் கத்துக்க எனக்கு ஒரு வாரம் ஆச்சு.

இந்தக் கட்டம் கட்டமா கணக்குப் போடுறதும் ஒரு மாணவன் கண்டுபிடிச்சதுதான். பிரிக்லின்னு ஹார்வர்டுல படிச்சவரு, வாத்தியாரு போர்டுல கணக்குப் போடுறப்ப ஒரு நம்பர் மாறினா எல்லாத்தையும் அழிச்சு அழிச்சு எழுதுனதைப் பாத்து கடுப்பாகிச் செஞ்சது, விசிகால்க், 79. அதை ஓட்டணும்னே கடைக்காரங்களும் ஆபீஸ்காரங்களும் ஆப்பிள் 2 வாங்குனாங்க. விளையாட்டுச் சாமானா இருந்தது ஆபீஸ் சாமான் ஆனது அப்பத்தான்.

வளவுக்காரன் | ஞாயிறு காலை 10:45
ராத்திரி பூரா படிச்சேன், இவ்வளவு வரும்னு நெனைக்கல. ரெண்டு விஷயம்.

ஒண்ணு, அப்பத்தாகிட்ட கேட்டேன். 55ல கல்யாணமாகி இந்த வளவுக்கு வந்தாகளாம், அப்பவே அந்தப் பெட்டகம் பூட்டித்தான் கெடந்துச்சாம், யாரும் தொறந்து பாத்ததில்லையாம். கேஷியர் அண்ணே, அப்ப நயா பைசா கெடையாது. இன்னும் கேட்டா, "அது ஐயா சாமான் இல்லப்பா, அவுக தம்பி, சின்னய்யா, பினாங்குல இருந்தாகள்ல அவுக சாமான், கப்பல்ல வந்துச்சு, அவுக வரல"ன்னாக. அப்படி ஒரு சின்னய்யா இருந்ததே எனக்குத் தெரியாது. படைப்புல பேரு சொல்றப்பவும் அவுக பேரு வர்றதில்ல. பேரேட்டைப் பிரிச்சுப் பாத்தோம், பாதியக் கரையான் அரிச்சிருக்கு, மிச்சத்துல தொகைக்கு முன்னாடி வெள்ளி வெள்ளின்னுதான் எழுதியிருக்கு. ரூபான்னு ஒரு எடத்துலயும் இல்ல.

ரெண்டாவது, திட்டாதீங்க. தையல் மெஷின் எண்ணெய் விட்டு ராத்திரி வச்சிருந்தேன். காலையில நான் குளிக்கப் போன நேரத்துல எம்பொண்ணு ரெண்டு பட்டாம்பூச்சித் திருகையும் திருகிட்டா, நெம்பையும் இழுத்து விட்டுட்டா. க்ர்ர்னு ஒரு சத்தம், எல்லாம் சைபரு.

வெள்ளைப்பணியாரம் | 10:52
அய்யய்யோ.

பழைய_கேஷியர் | 11:00
புள்ளைய ஒண்ணும் சொல்லாதீங்க. போட்டோ இருக்குல்ல? கைப்பிடி இப்ப அசையுதா?

வளவுக்காரன் | 11:38
அசையுது அண்ணே. நீங்க சொன்ன மாதிரியே அவளையே உக்கார வச்சு, நெம்புல 8 2 6 7 3 5 வைக்கச் சொன்னேன். ரெண்டு சுத்து. பலகைய ஒரு இடம் தள்ளி ஒரு சுத்து. இன்னொரு இடம் தள்ளி ஒரு சுத்து. கடைசிச் சுத்துல கொஞ்சம் இறுக்குச்சு, அப்பத்தா வந்து நின்னு பாத்துக்கிட்டு இருந்தாக, உள்ள ஒண்ணு மாத்தி ஒண்ணு சக்கரம் திரும்புறது கேட்டுச்சு. நாலே சுத்து. இடது ஜன்னல்ல 112. வலது ஜன்னல்ல 92594320.